ஒரு டம்ளர் தயிர்

அத்தியாயம் 14

பெரியக்காவுக்கு நாக்கு செத்துப்போன விஷயம் சென்ற வாரம்வரை எனக்கும் உங்களுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது நாலாவதாக ஓர் ஆளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கணவருக்கு.

எப்படித் தெரிந்தது என்று மறந்திருக்க மாட்டீர்கள். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்துவிட்டார் மனிதர். பெரியக்கா கடைசிச் சொட்டுவரை குடித்தாள். குடித்துவிட்டு, "இன்னிக்குத்தான் உங்க டீ வாயில வைக்கிற மாதிரி இருக்கு" என்று பாராட்டுப் பத்திரமும் வாசித்தாள்.

தொண்டையில் வந்த கட்டிக்கு முப்பத்து மூன்று நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். கட்டி கரைந்தது. போகிற போக்கில் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கும் பாதிதான் வேலை செய்தது. நாலு அலுவலகங்களுக்குத் தினமும் மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறவளுக்கு இது வரலாமா? வந்துவிட்டது. மூன்று மாதமாக அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

உப்புக்கு அவளிடம் அளவுக் கரண்டி இருந்தது. மிளகாய்ப்பொடி அவள் கைப்பிடிக்கே தெரியும். தயிர் மட்டும்தான் அவள் கட்டுப்பாட்டில் இல்லாத சாமான்.

அவளுடைய சமையலறையில் கோழியைத் தயிரில் ஊறவைப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. தயிர் இளசாக இருந்தால் ஒரு கரண்டி பச்சைப் பப்பாளி விழுது, ஐந்து மணி நேரம். தயிர் புளித்திருந்தால் பப்பாளியே கிடையாது, மூன்று மணி நேரம் தாண்டவே கூடாது. புளிப்பும் பப்பாளியும் ஒன்று சேர்ந்தால் கறி பஞ்சாவதற்குப் பதில் கூழாகிவிடும். எது இளசு, எது புளிப்பு என்று ஆள்காட்டி விரலால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துச் சொல்லுவாள். அந்த விரலுக்கு இப்போது வேலை போய்விட்டது.

அதனால் அவள் கணவரின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கணவர் சாப்பாட்டு வண்டி ஓட்டுகிறவர். வண்டி திரும்ப முடியாத அளவுக்குக் குறுகலான சந்து அது. இருபது வருடமாகச் சந்து முழுக்கப் பின்பக்கமாகவே ஓட்டி வெளியே வருவார். தெருவில் அவருக்கு ‘ரிவர்ஸ்’ என்றே பெயர். தினமும் காலை ஐந்தரைக்கு, அன்றைய தயிரில் ஒரு டம்ளர் மொண்டு நின்றபடியே குடிப்பார். புளித்திருந்தால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும், தோள் காதுவரை போகும். இளசாக இருந்தால் முகம் அப்படியே இருக்கும், இன்னும் அரை டம்ளர் கேட்பார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? ரிவர்ஸின் அகத்தில் தயிர் இருந்தால் தயிரும் தெரியும்.

மூன்று மாதமாகத் தினமும் காலையில் மனைவி தன்னையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு, முதலில் காதல் என்றுதான் நினைத்தார் பாவம். உப்பு டீக்குப் பிறகு அவருக்கு எல்லாம் விளங்கியது.

சரி, இன்றைக்கு வருவோம்.

இன்று வாரவிடுமுறை. நாலு அலுவலகத்துக்கும் சமையல் இல்லை. ஆனால் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் சாப்பிட்டுப் பார்க்க வருகிறார்கள். இருநூற்றுமுப்பது பேருக்குத் தினச் சாப்பாடு. பிடித்திருந்தால் இங்கேயே கையெழுத்து.

போன வாரம் தங்கை, அதாவது சின்னவள், "நீ கொஞ்ச நாள் உக்காருக்கா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது பெரியக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அக்கா படுத்துக்கிடந்த மாதங்களில், கடைக் கல்லாவில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து இந்த அடுப்பை அணையாமல் காத்தவள் சின்னவள். ஆனாலும் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் நிலம், அக்கா தங்கைக்குள் வந்தால் அடுப்பு. பெரியக்கா எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள்.

"இந்த ஆர்டரை நான் வாங்கிக் காட்டறேன். வாங்கலைன்னா இந்த அடுப்படிப் பக்கமே வரமாட்டேன். நீயே வச்சுக்க."

பெரியக்கா வார்த்தை மாறமாட்டாள். அது ரிவர்ஸுக்குத் தெரியும். அதுதான் இன்றைக்கு வினையாகப் போயிற்று.

காலை ஐந்தரை. சமையலறையில் ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வெளியே மழை வருவதுபோல மூடிக்கொண்டு இருந்தது, வரவில்லை.

பெரியக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். முதல் புகைக்கே இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். கழுத்தில் கரண்ட் வைத்த இடம் கறுத்து, தோல் காய்ந்து கிடந்தது. இருமல் நின்றதும் முந்தானையால் வாயைத் துடைத்து, துடைத்த இடத்தை அவருக்குத் தெரியாமல் பார்த்தாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"தயிர் குடிக்கலையா?" என்றாள்.

ரிவர்ஸ் பாத்திரத்தைத் திறந்தார். மேலே தண்ணீர் பிரிந்து நின்றது. நேற்று அடித்த வெக்கையில் தயிர் நன்றாகப் பொங்கியிருந்தது. ஒரு டம்ளர் மொண்டு வாயில் வைத்தார்.

புளிப்பென்றால் அப்படி ஒரு புளிப்பு. பல் கூசியது. இடது கண் மூடிக்கொள்ளத் துடித்தது.

எதிரில் அவள் பப்பாளித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அந்தக் கறுத்த கழுத்து அவர் கண்ணெதிரே இருந்தது.

அவர் கண்ணை மூடவில்லை. தோளைத் தூக்கவில்லை. டம்ளரைக் காலி செய்துவிட்டு, "நல்லா இருக்கு. இன்னும் அரை டம்ளர் குடு" என்றார்.

அதையும் குடித்தார். ஆர்டர் கைவிட்டுப் போனால் போகட்டும், இவள் அடுப்பை விடுவாள் என்று ஒரே கணத்தில் முடிவு செய்தவர், குடித்து முடித்ததும் கொல்லைப்பக்கம் போய் நெடுநேரம் வாய் கொப்பளித்தார்.

உள்ளே பெரியக்கா ஐந்து கிலோ கோழித் தொடையையும் ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று கீறல் போட்டாள். உப்பும் மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் இஞ்சி பூண்டும் கீறலுக்குள் போகும்படி தேய்த்தாள். பப்பாளியை அரைத்து ஒரு கரண்டி போட்டாள். தயிரை ஊற்றி, இரண்டு கையாலும் அடிவரை புரட்டினாள். பிறகு தட்டால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தாள். மணி ஆறு. பதினொன்றுக்கு எடுத்துக் கரியில் சுட வேண்டும்.

பல நாளைக்குப் பிறகு அவள் முணுமுணுப்பாக ஏதோ பாடினாள். குரல் கரகரவென்றுதான் வந்தது.

சின்னவள் எட்டு மணிக்கு வந்தாள். காய் நறுக்குவதற்கு முன் பழக்கதோஷத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து, பாத்திர விளிம்பில் ஒட்டியிருந்த மசாலாவை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். சுர்ரென்று ஏறியது. திரும்பிப் பார்த்தால், தொட்டியில் பப்பாளி அரைத்த மிக்ஸி ஜாடி கிடக்கிறது.

"அக்கா, தயிர் கொஞ்சம் புளிப்பா இல்ல?"

"இல்ல."

"பப்பாளி வேற போட்டிருக்கியே. ஒன்பது மணிக்கெல்லாம் எடுத்துடலாமா?"

பெரியக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "முப்பது வருஷமா தயிர் பாக்கறேன். நீ எனக்குப் புளிப்புப் பாடம் எடுக்கறியா? உங்க அத்தான் ஒண்ணரை டம்ளர் குடிச்சுட்டுப் போயிருக்காரு. போய் அவரையே கேளு."

சின்னவள் நிஜமாகவே கேட்கப் போனாள்.

சந்தில் ரிவர்ஸ் வண்டியின் பின்கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான், காலைல தயிர் குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவர் எண்ணெய்க் குப்பியை மூடினார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்குப் பழக்கமில்லை. காலையில் ஒருமுறை மறைத்ததிலேயே தெம்பு தீர்ந்துவிட்டது.

"உங்க அக்காவுக்கு நாக்குல ருசியே இல்ல, தெரியுமா?" என்றார். உப்பு டீயைச் சொன்னார். தினமும் தன் முகத்தைப் பார்த்துத்தான் அவள் தயிரை எடைபோடுகிறாள் என்பதையும் சொன்னார். கடைசியில், இன்று காலை முகத்தை எப்படி வைத்துக்கொண்டார் என்பதையும் சொன்னார்.

மூன்று மாதமாக அக்கா தன்னைக் கடித்துக் குதறியதெல்லாம் எதற்கென்று சின்னவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"தெரிஞ்சே பண்ணீங்களா? அதுவும் நீங்களா?"

"வேற வழி சொல்லு. புகை ஆகாது, அனல் ஆகாதுன்னு டாக்டர் அடிச்சுச் சொன்னாரு. நானும் சொல்லியாச்சு, நீயும் சொல்லியாச்சு. கேட்டாளா? அவ வாயால சொன்ன வார்த்தை ஒண்ணுதான் அவளைக் கட்டும்."

"வெளியாளுங்க முன்னாடி அக்கா தலை குனிஞ்சு நிக்கணுமா?"

"குனியட்டும். குனியறதுக்குத் தலை இருக்கணும்ல?"

அவர் குரல் உடைந்தது. சின்னவள் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இவ்வளவு பயப்படறீங்களே அத்தான். வெறும் ரெஸ்ட்டுன்னுதானே சொன்னாரு டாக்டர்?"

எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு அவர் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

உள்ளே வந்த சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிப்போய்ச் சொன்னால் ஆர்டர் பிழைக்கும். அக்கா நாளையும் புகையில் நின்று இருமுவாள். பேசாமல் இருந்தால், அக்கா எதைப் பிடித்துக்கொண்டு நோயிலிருந்து எழுந்து வந்தாளோ அது போய்விடும். அதுவும் அடுத்து இந்த அடுப்பில் உட்காரப்போகிறவள் தான்தான் என்னும்போது, அந்த மௌனத்துக்கு என்ன பெயர்? அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மணி ஒன்பதடித்தது. மனசு கேட்காமல் ஃபிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்தாள்.

"கையை எடு," என்றாள் பெரியக்கா பின்னாலிருந்து.

"அக்கா, ஒரே ஒரு தட்டு மட்டும் முன்னாடியே..."

"என் சமையல்ல கை வைக்காதே. நான் தோக்கணும்னு உனக்கு அவ்வளவு ஆசையா?"

சின்னவள் கையை எடுத்துவிட்டாள். அந்தச் சொல்லில் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல மனசுக்காரிதான், ஆனாலும் மனுஷிதானே? போய்க் காய் நறுக்கினாள். கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயத்தின்மேல் பழி போட்டாள்.

பதினொன்றுக்குப் பெரியக்கா பாத்திரத்தை மேடையில் இறக்கினாள். கரி கணகணவென்று தயாராக இருந்தது. கையை உள்ளே விட்டாள்.

நாக்குத்தான் போயிற்று, விரல் போகவில்லை. ஒரு துண்டைத் தூக்கினாள். கறி எலும்பைவிட்டு வழுக்கிக்கொண்டு பாத்திரத்திலேயே விழுந்தது. இன்னொன்றை எடுத்து அழுத்தினாள். ஈர ரொட்டியைப்போல் விரல் உள்ளே போயிற்று. கம்பியில் குத்திப் பார்த்தாள். நிற்கவில்லை.

அவள் அப்படியே நின்றாள். தயிர் முழங்கைவரை வழிந்தது.

"இங்க வா," என்றாள். சின்னவள் வந்தாள். "நாக்குல வச்சுச் சொல்லு. புளிப்பா?"

"ஆமாக்கா."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"காலைலயே இப்படித்தான் இருந்துச்சா?"

சின்னவள் தலையை ஆட்டினாள்.

"அப்ப அவரு ஒண்ணரை டம்ளர் குடிச்சாரே. ஒரு சுளிப்புக் கூட இல்லாம..." பெரியக்கா பாதியில் நிறுத்தினாள். சின்னவள் ஏன் தன்னைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறாள் என்று யோசித்தாள். அதிக நேரம் யோசிக்கத் தேவைப்படவில்லை. "என் நாக்கு விஷயம் உனக்கும் தெரியுமா?"

"அத்தான் சொன்னாரு. எட்டரைக்கு."

"எட்டரைக்கு," என்று திருப்பிச் சொன்னாள் பெரியக்கா.

திட்டுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. பெரியக்கா குழாயைத் திறந்து கையை முழங்கைவரை நிதானமாகக் கழுவினாள்.

வருகிறவர்கள் சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். கோப்பு ஒன்றை மார்போடு அணைத்த அம்மா ஒருத்தர், அதிகம் பேசாத ஒல்லி மனிதர் ஒருவர். சோறு, இரண்டு காய், பருப்பு எல்லாம் மேசையில் இருந்தன. நடுவில் ஒரு தட்டில் கம்பியில் நிற்காமல் கல்லில் போட்டு எடுத்த கறி, உருவமில்லாமல் கிடந்தது.

ஒல்லி மனிதர் ஒரு வாய் எடுத்தார். மென்று பார்த்தார். மெல்ல ஒன்றும் இல்லை. "மசாலா நல்லாத்தான் இருக்கு. ஆனா கறி... வாயில மாவா ஒட்டுதே?"

"இன்னிக்கு..." என்று சின்னவள் ஆரம்பித்தாள். ஏதோ பொய் தயார் செய்து வைத்திருந்தாள்.

பெரியக்கா அவள் தோளில் கைவைத்து நிறுத்தினாள். "புளிச்ச தயிர்ல பப்பாளி போட்டுட்டேன் சார். குழைஞ்சு போச்சு. தப்பு என்னோடது. எனக்கு ருசி தெரியறதில்ல. மூணு மாசமாச்சு."

கோப்புக்கார அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தார். "ருசி தெரியாமலா சமைக்கறீங்க?"

"ஆமாம்மா," என்றாள் பெரியக்கா. "கையளவுலயே ஓட்டிட்டேன். தயிருக்கு மட்டும் வேற ஒருத்தரை நம்பியிருந்தேன்."

வாசலில் நின்ற ரிவர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு சந்துக்கு இறங்கிப் போனார்.

வந்தவர்கள் காயும் சோறும் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். போகும்போது, "பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்கள். எந்த ஊரில் சொன்னாலும் அந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம்தான்.

பெரியக்கா மேசையைத் துடைத்தாள். ஐந்து கிலோ கறியையும் குப்பையில் கொட்டினாள், சின்னவளைக் கொட்டவிடவில்லை.

"நாளைலேர்ந்து தயிரை நீ பாத்துக்க," என்றாள். "அடுப்பும்தான்."

"அக்கா, எனக்கு இது வேண்டாம். இப்படி வந்தா வேண்டவே வேண்டாம்."

"சொன்ன வார்த்தை. அதை நான் மீறமாட்டேன்னு நம்பித்தானே எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

சின்னவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பெரியக்கா தேற்றவில்லை. தேற்றுவதற்கு அவளிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

சந்துக்கு வந்தாள். வானம் இன்னும் மூடிக்கொண்டுதான் இருந்தது. ரிவர்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

"திட்டிடு," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடி. "என்ன வேணாலும் சொல்லு, கேட்டுக்கறேன். நீ நல்லா இருக்கணும்னுதான் பண்ணேன்."

"திட்ட வரல. ஆர்டர் போனது போகட்டும். அடுப்பும் போகட்டும்." அவள் குரல் கரகரத்தது. இருமலை அடக்கிக்கொண்டாள். "உங்களுக்குப் பொய் சொல்லவே வராதுன்னு நினைச்சிருந்தேன். சீட்டாட்டத்துல கூட நல்ல சீட்டு வந்தா சிரிச்சுக் காட்டிக் குடுத்துடுவீங்க. உங்களுக்கு இப்படி ஒரு முகம் வைக்கத் தெரியும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அவர் துணியை மடித்து இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"அப்புறம்தான் யோசிச்சேன். கரண்ட் வச்ச கடைசி நாளு டாக்டர் உங்களை மட்டும் தனியா உள்ள கூப்பிட்டாரு. பத்து நிமிஷம் கழிச்சு வந்தீங்க. ‘கட்டி எல்லாம் போயிடுச்சு, இனிமே ரெஸ்ட் எடுத்தா போதும்’னீங்க. நான் ரிப்போர்ட்டைக் கூடக் கேக்கல. உங்க முகத்தைப் பாத்தேன், அதுல ஒண்ணும் இல்ல, அதனால நம்பிட்டேன்."

துணி கண்ணாடியில் நின்றது.

"இப்ப சொல்லுங்க. அன்னிக்கு நான் பாத்தது எந்த முகம்?"

அவர் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். பெரியக்கா வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்கு நேர் எதிரே நின்றாள்.